பிள்ளை சொன்னால் நம்பும் வீடு

வணக்கம் நேயர்களே.

மனசு களைத்துப்போன நாளில் உட்கார்ந்து பார்க்கக்கூடிய சில பழைய அனிமே படங்களை, அதாவது ஜப்பானில் தயாரான சித்திரப் படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பழையவை என்று நான் சொல்வது 1988-க்கும் 1995-க்கும் இடையில் வந்தவற்றை. அந்த வேலையில் கம்ப்யூட்டர் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத காலம் அது. பென்சிலால் வரைந்த ஒவ்வொரு ஓவியத்தையும் ஒளி ஊடுருவும் மெல்லிய தாளில் பதித்து, பின்பக்கத்தில் கையால் வண்ணம் பூசி, தனியாகத் தீட்டிய பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து, ஒன்று ஒன்றாகக் கேமராவில் பிடிப்பார்கள். நான் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். ஒரு புல்தரையை உருப்படியாக வரைந்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தப் படங்களில் ஒரு வயல்வரப்பைப் பார்த்தாலும் எனக்குக் கை நீட்டிக் கும்பிடத் தோன்றும்.

அனிமே நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை பார்த்த மௌக்லி தொடர் ஜப்பானில் தயாரானது. யூகோ சாகோ முன்னின்று, இந்திய, ஜப்பானியக் கலைஞர்கள் சேர்ந்து வரைந்த ராமாயணப் படம் 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடு நம் திரையரங்குகளுக்கே வந்தது. சரி, இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது ஸ்டூடியோ ஜிப்லி என்ற ஜப்பானியப் பட நிறுவனத்தின் நான்கு படங்களை.

முதலில் ‘மை நெய்பர் டோட்டோரோ’. 1988 ஏப்ரலில் வந்தது, இயக்கியவர் ஹயாவோ மியாசாகி. கதை 1950-களின் ஜப்பானிய கிராமத்தில் நடக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் அப்பா, சத்சுகி, மெய் என்ற இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தில் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார். பக்கத்துக் காட்டில் பெரிய கற்பூர மரம். அதன் அடியில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய, மெத்தென்ற பிராணிதான் டோட்டோரோ.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் காட்சியைச் சொல்வார்கள். அழகான காட்சிதான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கு முன்னால் வரும் ஒன்று. நாலு வயசு மெய், புதருக்குள் தவழ்ந்து போய் டோட்டோரோவைப் பார்த்துவிட்டாள். அப்பாவையும் அக்காவையும் இழுத்துக்கொண்டு அதே வழியில் திரும்பப் போனால் ஒன்றுமே இல்லை. இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். குழந்தைக்கு முகம் சிவந்துவிடுகிறது. பொய் சொல்லவில்லை என்கிறாள். அப்பா உடனே சிரிப்பை நிறுத்துகிறார். நீ பொய் சொன்னதாக நாங்கள் நினைக்கவில்லை, நீ பார்த்தது இந்தக் காட்டுக்குத் தலைவராக இருக்கும், எப்போதும் கண்ணில் பட மாட்டார் என்கிறார். அதோடு விடாமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கற்பூர மரத்தின் முன்னால் நின்று, மெய்யைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லிக் குனிந்து வணங்குகிறார். படித்த மனிதர், விளையாட்டுக்காகச் செய்யவில்லை. மனதாரச் செய்கிறார்.

இந்த நான்கு படங்களும் ஏன் ஆறுதலாக இருக்கின்றன என்று கேட்டால் என் பதில் அந்த வணக்கத்தில் இருக்கிறது. ஒரு குழந்தை சொல்வதைப் பெரியவர் காது கொடுத்துக் கேட்கிறார். கேட்டதை நம்புகிறார். எத்தனை வயசானாலும் நமக்குள் ஒரு குழந்தை அதற்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

டோட்டோரோ கவலையே இல்லாத படம் என்று பலர் சொல்வது எனக்கு ஒப்புதல் இல்லை. மியாசாகியின் சொந்த அம்மாவே அவருடைய சிறு வயதில் முதுகெலும்புக் காசநோயால் பல வருடம் படுக்கையில் இருந்தவர். அந்தப் பயம் படத்துக்குள் இருக்கிறது. எல்லோருக்கும் சாப்பாட்டுப் பெட்டி கட்டி, மீன் சுட்டு, தங்கச்சிக்குத் தாயாக நடந்துகொள்ளும் சத்சுகி, ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வந்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் உடைந்து அழுகிறாள். அம்மா செத்துப்போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டுவிடுகிறாள். அப்புறம் மெய் காணாமல் போகிறாள். அம்மாவுக்குக் கொடுத்தால் குணமாகும் என்று ஒரு மக்காச்சோளக் கதிரை மார்போடு அணைத்துக்கொண்டு தனியாக நடந்துபோன குழந்தையை ஊரே தேடுகிறது, குளத்தில் ஒரு செருப்பு கிடைக்கிறது. என் மூச்சு நின்றுபோகும் இடம் அது. இவ்வளவையும் காட்டிவிட்டுத்தான் படம் நம்மைச் சிரிக்க வைக்கிறது.

பின்னணி ஓவியங்களுக்குப் பொறுப்பேற்றவர் கசுவோ ஓகா. ஓடையில் ஊறும் தக்காளியும் வெள்ளரியும், மரத்தடி நிழலின் ஈரமும் அவர் கைவேலை. தோக்கியோவை அடுத்த சாயாமா குன்றுகள்தான் இந்த நிலப்பரப்புக்கு மாதிரி. மியாசாகி குடியிருக்கும் டோக்கோரோசாவா அதன் ஓரத்தில்தான் இருக்கிறது. வீடுகள் பெருகி அந்தக் காடுகள் அழியத் தொடங்கியபோது, 1990-ல் டோட்டோரோ பெயரிலேயே ஒரு நிதி தொடங்கினார்கள். பொதுமக்கள் கொடுத்த காசில் மறு வருடம் முதல் துண்டுக் காட்டை வாங்கினார்கள். இன்று அப்படி வாங்கிக் காப்பாற்றிய துண்டுகள் ஐம்பதைத் தாண்டிவிட்டன.

அடுத்தது, இசாவோ தகஹாதா இயக்கிய ‘ஒன்லி யெஸ்டர்டே’, 1991. பெரியவர்களுக்கான படம். நான்கில் எனக்கு மிக நெருக்கமானதும் இதுதான். 1982-ல் தோக்கியோ அலுவலகத்தில் வேலை பார்க்கும் 27 வயது தாயெகோ, லீவு போட்டுவிட்டு யமகதா என்ற வடக்குப் பகுதிக்குக் குசும்பாப் பூப் பறிக்கப் போகிறாள். விடியற்காலையில் பறிக்க வேண்டும், பனி ஈரத்தில் முள் மெத்தென்று இருக்கும் நேரத்தில். போகிற வழியெல்லாம் அவளோடு ஐந்தாம் வகுப்பு தாயெகோவும் கூடவே வருகிறாள். 1966-ம் வருடத்துப் பத்து வயதுப் பெண்.

பழைய நினைவு வரும் காட்சிகளில் ஓவியத்தின் ஓரங்களில் வண்ணம் மங்கி வெறும் வெள்ளையாகிவிடும். ஞாபகத்தில் நடுவில் இருப்பதுதானே துலக்கமாக இருக்கிறது! பெரிய தாயெகோவின் பகுதிகளில் நேர்மாறு. நடிகர்களின் குரலை முன்கூட்டியே பதிந்து, அந்தப் பேச்சுக்கேற்பக் கன்னத்தின் மடிப்பு வரைக்கும் வரைந்திருக்கிறார்கள்.

அதில் ஒரு அன்னாசிப்பழம் வருகிறது. அந்தக் காலத்து ஜப்பானிய வீட்டில் முழு அன்னாசி என்பது அதிசயம். தாயெகோ ஆசைப்பட்டாள் என்று அப்பா வாங்கி வருகிறார். எப்படி வெட்டுவது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பெரிய அக்கா விசாரித்துக்கொண்டு வந்தபின் ஒரு நாள் வெட்டுகிறார்கள், குடும்பமே சுற்றி உட்கார்ந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு துண்டு. வாயில் வைத்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. பழம் கெட்டியாக இருக்கிறது, இனிப்பே இல்லை. ஒவ்வொருவராகத் தட்டை நகர்த்திவிட்டு, வாழைப்பழமே மேல் என்கிறார்கள். தாயெகோ மட்டும் விடவில்லை. மற்றவர்கள் ஒதுக்கிய துண்டுகளையும் இழுத்து வைத்துக்கொண்டு மென்றுகொண்டே இருக்கிறாள். தன் ஆசை வீண் என்று ஒப்புக்கொள்ள மனசில்லாத அந்தப் பிள்ளையின் தாடை அசைவதை அவசரப்படாமல் காட்டுகிறார் தகஹாதா.

இந்த வீட்டில் குழந்தையை யாரும் நம்புவதில்லை. அதுதான் டோட்டோரோ வீட்டுக்கும் இதற்கும் வித்தியாசம். கணக்குப் பரீட்சையில் பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கச் சொன்னால் இவளுக்கு வரவில்லை. தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு என்கிறாள் அக்கா. மூன்றில் இரண்டு பங்கு ஆப்பிளை நாலில் ஒன்றால் வகுத்தால் அது எப்படிக் கூடும் என்று இவள் படம் போட்டுக் கேட்கிறாள். நியாயமான கேள்வி! பதில் சொல்ல ஆளில்லை. இவள் மற்றப் பிள்ளைகள் மாதிரி இல்லை என்று அம்மா சொல்வது மட்டும் காதில் விழுகிறது. அந்தக் கேள்வியைப் பல வருடம் கழித்து, யமகதாவில் தோஷியோ என்ற இளம் விவசாயியிடம் பெரிய தாயெகோ சொல்கிறாள், அவன் கேட்டுக்கொள்கிறான். பத்து வயதில் கிடைக்காத காது அப்போதுதான் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சின்னப் பெண் சொல்வதைக் கேட்க அவளே வளர்ந்து வந்திருக்கிறாள் என்பதுதான் இந்தப் படம் எனக்குத் தருகிற ஆறுதல்.

‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’ பலருக்குத் தெரிந்த படம், சுருக்கமாகச் சொல்கிறேன். 1989, மியாசாகி. மூலக்கதை எய்கோ கடோனோ எழுதிய நாவல். 13 வயது சூனியக்காரச் சிறுமி, துடைப்பத்தில் ஒரு சிவப்பு ரேடியோவைத் தொங்கவிட்டுக்கொண்டு, கறுப்புப் பூனையோடு பறந்துபோய், கடலோர நகரம் ஒன்றில் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை தொடங்குகிறாள். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமையும் விஸ்பியையும் பார்த்து வரைந்த நகரம். முன்பின் தெரியாத பெண்ணுக்கு மாடி அறையைக் கொடுத்து, காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுக்கிற பேக்கரிக்கார ஓசோனோவைக் கவனித்துப் பாருங்கள். பறக்கும் சக்தியே போய்விட்ட சமயத்தில் கிகிக்குத் துணை நிற்பவள் காட்டில் வாழும் ஓவியப் பெண் உர்சுலா. வரைய வராதபோது வரைவதை விட்டுவிட்டு நடப்பேன், தூங்குவேன் என்கிறாள். என் தொழிலுக்கு இதைவிட நல்ல யோசனை யாரும் சொன்னதில்லை. ஜப்பானியப் பதிப்பில் கிகிக்கும் உர்சுலாவுக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, மினாமி தகயாமா.

நான்காவது ‘விஸ்பர் ஆஃப் த ஹார்ட்’, 1995. இயக்குநர் யோஷிஃபுமி கோண்டோ. அவர் இயக்கிய முழுநீளப் படம் இது ஒன்றுதான். 1998-ல் 47 வயதில் இறந்துவிட்டார். இன்னும் எத்தனை எடுத்திருப்பாரோ என்ற வருத்தம் எனக்கு ஒவ்வொரு தடவையும் வரும். கதைநாயகி ஷிசுகு புத்தகப் பைத்தியம். தான் எடுக்கும் நூலகப் புத்தகங்களின் இரவல் அட்டையில் எல்லாம் தனக்கு முன்னால் ஒரே பையன் பெயர் இருப்பதைப் பார்க்கிறாள். அவளுடைய அப்பா வேலை செய்யும் அந்த நூலகம் அட்டையை விட்டுவிட்டு பார்கோடுக்கு மாறப்போகிறது என்ற பேச்சும் போகிற போக்கில் வருகிறது.

ஷிசுகு கதை எழுத உட்கார்ந்துவிடுகிறாள், மார்க் குறைகிறது. நுழைவுத்தேர்வு வருடம் வேறு. வீட்டில் சின்ன மேசையைச் சுற்றிப் பேச்சு நடக்கிறது. அப்பா திட்டவில்லை. நீ நினைத்ததைச் செய்து பார், ஆனால் மற்றவர்கள் மாதிரி இல்லாமல் வாழ்வது சுலபம் இல்லை, என்ன நடந்தாலும் யாரையும் குறை சொல்ல முடியாது என்கிறார். கதையை எழுதி முடித்ததும் பழம்பொருள் கடைத் தாத்தாவிடம் கொடுக்கிறாள். அவர் முகத்துக்காகப் புகழவில்லை. பட்டை தீட்டாத கல் இது என்று உள்ளதைச் சொல்கிறார். அவள் அழுது முடித்தபின் சூடாக ஊதோன் நூடுல்ஸ் பரிமாறுகிறார்.

இந்த நான்கும் 2020 முதல் இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸில் இருக்கின்றன. ஜப்பானிய ஒலியிலேயே, திரையின் கீழே வரும் மொழிபெயர்ப்பு எழுத்தைப் படித்துக்கொண்டு பாருங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் டோட்டோரோவில் தொடங்கலாம், வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் விஸ்பர். தனியாக இருக்கும் இரவுக்கு ஒன்லி யெஸ்டர்டே. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அடுத்த படத்துக்குத் தாவிவிடாதீர்கள். டோட்டோரோவில் அம்மா வீடு திரும்புவதை அந்தப் பெயர்களோடு வரும் ஓவியங்களில்தான் பார்க்க முடியும். ஒன்லி யெஸ்டர்டேயில் தாயெகோ என்ன முடிவு செய்தாள் என்பதும் அந்தச் சில நிமிடங்களில்தான் தெரியும்.

நன்றி, வணக்கம்.