சொன்ன வயது 19, சான்றிதழில் 17

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, குடியாத்தம் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். 'வளரிளம் பருவத்தில் தாயாகும் பெண்ணுக்கும் அவள் குழந்தைக்கும் நேரும் கேட்டுக்குப் பெரிதும் காரணம் அவளது வயதா, அவள் வாழும் சூழலா?' என்ற தலைப்பில், சூழலே என்று வாதாட வந்திருக்கிறேன். இந்த வட்டாரத்தில் 27 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றியவள் நான். என் கண்முன் நடந்ததை வைத்தே பேசுகிறேன்.

எதிரணித் தலைவர் சொன்னவற்றில் பெரும்பகுதியை நான் மறுக்கப்போவதில்லை. பூப்பெய்திய பிறகும் சில ஆண்டுகள் இடுப்பெலும்பு வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. வளர்கிற உடலும் வயிற்றிலுள்ள கருவும் ஒரே சோற்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 20 முதல் 24 வயதுத் தாய்மாரைவிட 19 வயதுக்குட்பட்ட தாய்மாருக்குப் பேறுகால வலிப்பும் கருப்பைத் தொற்றும் வரும் ஆபத்து கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அவர் எடுத்துக்காட்டிய, 1995-இல் வெளியான அமெரிக்க யூட்டா மாநில ஆய்வும் மெய்தான். மணமாகி, வயதுக்கேற்ற படிப்பும் போதிய மருத்துவக் கவனிப்பும் பெற்ற இளம் தாய்மாருக்குக்கூட எடை குறைந்த குழந்தைகளும் குறைமாதக் குழந்தைகளும் அதிகம் பிறந்தன என்று அது காட்டியது. ஆனால் வறுமையையும் படிப்பின்மையையும் கவனிப்பின்மையையும் முன்கூட்டியே விலக்கிவிட்டு, வயதின் பங்கை மட்டும் தனியே நிறுத்துப் பார்த்த ஆய்வு அது. அங்கே விலக்கப்பட்ட அத்தனையும் நம் ஊர்ப் பெண்ணின் தலையில் அப்படியே இருக்கின்றன. அவற்றின் எடை எவ்வளவு என்பதே நம் முன்னுள்ள வழக்கு.

அந்த எடையை நான் நேரில் பார்த்த ஒரு நாளைச் சொல்கிறேன். பேரணாம்பட்டுச் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இலையை வெட்டி, தூளை இட்டு, உருட்டி, முனையை மடித்து, நூலைச் சுற்றும் அந்தக் கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஆனால் முறம் அவள் மடியில் சரியாக உட்காரவில்லை. சரிந்து சரிந்து வந்தது. அப்போதுதான் வயிற்றைப் பார்த்தேன். ஏழு மாதம் முடிந்திருந்தது. "ஏம்மா, இத்தன நாளா ஏன் வரல?" என்றேன். "வந்தா போலீசு வரும்னு அத்தை சொன்னாங்க நர்சம்மா" என்றாள். தாய்சேய் நல அட்டை எழுதும்போது வயதைக் கேட்டேன். அவள் வாய் திறக்குமுன் மாமியார், "பத்தொம்போது" என்றார். பள்ளி மாற்றுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன், 17-தான் நிறைந்திருந்தது. சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியதைத் தெரிவித்தோம், அதில் தவறில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் மேலிருந்த அச்சத்தால் வீடே அவளை ஏழு மாதம் ஒளித்து வைத்திருந்தது.

கர்ப்பிணிக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக் கூடாது. அவளுக்கு 7.6 இருந்தது. நான்காம் மாதம் முதல் 180 நாள் சாப்பிட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரையில் பாதிகூட அவளுக்குக் கிடைக்க வழியில்லை. கொடுத்த மாத்திரையையும் தேநீரோடு விழுங்கினாள்; தேநீர் இரும்புச்சத்தை உடலில் முழுமையாகச் சேரவிடாது என்பதை அவளுக்குச் சொல்ல அதுவரை ஒருவரும் இல்லை. நாளெல்லாம் புகையிலைத் தூளின் நெடியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெருத்தால் பிரசவம் கடினமாகிவிடும் என்று சோற்றைக் குறைத்துப் போட்டார்கள்; அந்தக் குறைந்த சோற்றையும் எல்லோரும் உண்ட பிறகே அவள் உண்டாள். எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு, 1 கிலோ 800 கிராமில் குழந்தை பிறந்தது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தாலே அது எடை குறைந்த குழந்தை. குறைந்துபோன அந்த 700 கிராமில் எத்தனை கிராம் வயதால் குறைந்தது, எத்தனை கிராம் தட்டில் குறைந்தது என்று எதிரணியினர் பிரித்துச் சொல்லட்டும். இரத்தசோகை சிறுவயதுத் தாய்க்கு மட்டும் வருகிற நோயும் அன்று. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது இருக்கிறது.

அதே ஆண்டில், அதே 17 வயதில், மலையோரக் கிராமத்திலிருந்து இன்னொரு பெண் வந்தாள். மூன்றாம் மாதத்திலேயே அவளுடைய பாட்டி கையைப் பிடித்து அழைத்துவந்து, "வயசு கம்மி, நீதான் பாத்துக்கணும்" என்று உண்மையைச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தால் அவளை ஆபத்து மிகுந்த தாயாகக் குறித்துக்கொண்டோம். மாதந்தோறும் இரத்த அழுத்தம் பார்த்தோம். பிரசவத்துக்கு முன்பே பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். குழந்தை 2 கிலோ 700 கிராம். இருவரை மட்டும் வைத்து ஒரு விதி வகுக்க நான் துணியமாட்டேன். ஆயினும், தெரிந்த வயதுக்கு மருத்துவம் செய்ய முடிந்தது, மறைத்த வயதுக்கு முடியவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

மாமியார் ஏன் 19 என்றார்? அச்சம் ஒரு காரணம் என்றால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி இன்னொரு காரணம். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்ந்து 18,000 ரூபாய் மதிப்புள்ள அந்த உதவியைப் பெறத் தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். இளவயதுத் திருமணத்தை ஊக்குவிக்கக் கூடாது என்ற நோக்கம் நல்லதே. ஆனால் திருமணம் முடிந்து கருவும் தரித்துவிட்ட பெண்ணை அந்த விதி என்ன செய்கிறது? சத்துணவு எவளுக்கு எல்லோரையும்விட அதிகம் தேவையோ, அவளுக்கே ஊட்டச்சத்துப் பெட்டகம் இல்லை என்கிறது. இல்லையேல் பொய் வயது சொல்ல வைக்கிறது. குழந்தைத் திருமணத்தை எதிர்த்துச் சென்னை மாகாணச் சட்டசபையிலேயே போராடியவர் அந்த அம்மையார். அவர் பெயரில் வரும் உதவி குழந்தைத் திருமணத்துக்கு இரையான பெண்ணை எட்டாமல் போவது எனக்குத் தாங்கமுடியாத வருத்தம்.

வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லாத ஒரு வரலாறு உண்டு. 1890-களில் திண்டிவனத்தில், ஒரே இரவில், பிரசவ வேதனையில் கிடந்த மூன்று பெண்களுக்காக மூன்று வீட்டார் வந்து, பின்னாளில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரை, அவரது இளம் வயதில், அழைத்தார்கள். அவரோ அப்போது மருத்துவம் படித்திருக்கவில்லை. மருத்துவரான அவருடைய தந்தை அதே வீட்டில் இருந்தும், ஆண் தொடக் கூடாது என்று மறுத்துத் திரும்பிப் போனார்கள், மூவரும் இறந்தார்கள். மருத்துவர் ஒரு சுவருக்கு அப்பால்தான் இருந்தார். அவரை வரவிடாமல் தடுத்தது வழக்கம். அந்த இரவின் விளைவாகவே 1900-இல் வேலூரில் ஐடாவின் சிறு மருந்தகமும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தன. அந்த மரணங்களுக்குப் பெண்களின் வயதே முடிவான காரணம் என்று ஐடா நினைத்திருந்தால் அவருக்கு மருத்துவராக வேண்டிய தேவையே வந்திருக்காது.

அப்படியானால் 17 வயதில் தாயாகலாம் என்கிறீர்களா என்று எதிரணியினர் கேட்பார்கள். கூடவே கூடாது. ஆனால் எந்தப் பெண்ணும் தன் வயதால் மட்டும் தாயாகிவிடுவதில்லை. தகப்பன் இறந்ததும் பள்ளியை விட்டு நிறுத்தியவர்கள், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி அவசரமாகத் தாலி கட்ட வைத்தவர்கள், ஒரு காதலை வீட்டில் சொல்ல முடியாதபடி அவளை மிரட்டி வைத்தவர்கள் என்று அந்த வயதில் அவளைத் தாயாக்கியவர்கள் பலர். 1978 முதல் பெண்ணின் திருமண வயது 18 என்று சட்டம் சொல்லியும், அதே கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் அதற்கு முன்பே மணமானவர்கள்.

கடைசியாக ஒன்று. பிரசவ அறையில் இப்பெண்களைப் பார்த்து, "இந்த வயசுல உனக்கு என்ன அவசரம்?" என்று கேட்பவர்கள் உண்டு. எதிரணியின் வாதம் அந்த அறையில் ஒலிக்கும் வடிவம் அது. நானும் ஒருமுறை, பரிசோதனைக்கு வந்த ஒரு பெண்ணிடம் அப்படிக் கேட்டிருக்கிறேன். அவள் ஒன்றும் பேசாமல் அட்டையை எடுத்துக்கொண்டு போனாள்; அடுத்த மாதம் வரவில்லை, அதற்கடுத்த மாதமும் வரவில்லை. அவளை வரவிடாமல் செய்தது என் சொல். அதையும் எங்கள் அணியின் சான்றாகவே ஏற்றுக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே.