வெந்தய வரியனா, எக்ஃப்ளையா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. கும்பகோணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வாசிக்கிறேன்: "ஐயா, எங்கள் குழு அணைக்கரைப் பக்கம் கொள்ளிடக் கரைக்கு வண்ணத்துப்பூச்சி பார்க்கப் போயிருந்தது. இத்துடன் அனுப்பியுள்ள படத்தில் இருப்பதைக் கைபேசிச் செயலி வெந்தய வரியன் என்கிறது. எங்களில் மூத்தவர் ஒருவர், டனாய்ட் எக்ஃப்ளை என்ற வேறு வண்ணத்துப்பூச்சியின் பெண் என்கிறார். பஸ் ஏறும்வரை வாக்குவாதம் ஓயவில்லை. எது சரி? இனி இந்தக் குழப்பம் வராமலிருக்க எந்த லென்ஸ் வாங்கலாம்?"

மூத்தவர் சொன்னதுதான் சரி. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். படத்தில் பின்னிறக்கையைப் பாருங்கள். மேல் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு கரும்புள்ளி. வெந்தய வரியனாக இருந்தால் பின்னிறக்கையின் நடுப்பகுதியில் பெண்ணுக்கு மூன்று புள்ளிகள், ஆணுக்கு நான்கு. மற்றபடி அதே செம்மஞ்சள் நிறம், முன்னிறக்கை நுனியில் அதே கறுப்பு, அதே வெள்ளைத் திட்டுகள். அந்த ஒற்றைப் புள்ளியைத்தான் உங்கள் செயலி கவனிக்கவில்லை.

இந்த ஒற்றுமைக்குக் காரணம் உண்டு. வெந்தய வரியனின் புழு எருக்கிலையைத் தின்று வளர்கிறது. எருக்கின் நஞ்சு உடம்பில் தங்கிவிடுவதால், ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை அடுத்த முறை அதன் பக்கமே போகாது. எக்ஃப்ளையிடம் அந்த நஞ்சு இல்லை. அதன் பெண், வரியனின் வேடத்தைப் போட்டுக்கொண்டு பிழைத்துக்கொள்கிறது. ஆணுக்கு அந்த வேடம் கிடையாது. கறுப்பு இறக்கை, அதில் நீலம் மின்னும் விளிம்போடு பெரிய வெள்ளைத் திட்டுகள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே இனம் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் அடுத்து என்ன கேட்கப் போகிறேன் என்பது தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். அது எந்தச் செடியில் இருந்தது? அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் இறக்கை நிறைந்திருக்கிறது. பின்னணி மங்கலான பச்சை, அவ்வளவுதான். எருக்கைச் சுற்றித் தாழப் பறந்து இலையில் முட்டை வைத்தால் அது வரியன். தரையோடு படர்ந்த பருப்புக்கீரையில் முட்டையிட இடம் தேடினால் எக்ஃப்ளை. புள்ளி தெரியாத மங்கலான படமாக இருந்தாலும், செடி தெரிந்தால் பாதி விடை வந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்: பூச்சிக்கு நான்கு படம் எடுத்தால் செடிக்கு ஒரு படமாவது எடுங்கள்.

திருவையாற்றுப் பக்கம் கல்லூரி மாணவர்களோடு போனபோது நடந்ததைச் சொல்கிறேன். கறுப்பு இறக்கையில் சிவப்புத் திட்டுகளோடு ஒன்று பறந்தது. எல்லோரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் ஓடினார்கள். ஒரு பெண் மட்டும் வரப்பில் உட்கார்ந்து ஆடுதின்னாப்பாளைக் கொடியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இலையின் அடியில் கருஞ்சிவப்பு உடலும், நடுவில் ஒரு வெள்ளைப் பட்டையும், உடம்பெங்கும் சிவந்த முட்கள் போன்ற முகடுகளுமாக ஒரு புழு. ரோஜா அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. ஓடியவர்கள் திரும்பி வந்து, "எங்களுக்குக் கிடைத்ததும் ரோஜா அழகிதானே?" என்று படத்தைக் காட்டினார்கள். உடலைப் பார்த்தேன். முழுக்கக் கறுப்பு. ரோஜா அழகிக்குத் தலையும் வயிறும் சிவந்திருக்கும். இவர்களிடம் சிக்கியது அதே வேடம் போட்ட கறிவேப்பிலை அழகியின் பெண். சிவந்த உடலா, கறுத்த உடலா என்பது நடுங்கிய படத்திலும் தெரியும். வேடம் போட்ட அந்தப் பெண்ணுக்கு ஆடுதின்னாப்பாளை வேண்டாம், உங்கள் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைக் கன்றே போதும். முன்கால்களால் இலையைத் தட்டிச் சுவை பார்த்துவிட்டு ஒரு முட்டை வைத்துப் போய்விடும். அதன் புழு முதலில் பறவை எச்சம் போலவே இருக்கும், வளர்ந்த பிறகுதான் பச்சையாகும்.

வேறு சிலர் "டெல்டாவில் தமிழ் மறவனைப் பார்க்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். 2019-இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டதிலிருந்து இந்த ஆசை கூடியிருக்கிறது. ஆசை நியாயம்தான். ஆனால் அது மலைக்காட்டு வாசி. அதன் புழுவுக்கு வேண்டிய நீரடிமுத்து வகை மரங்கள் நம் வயல்வெளியில் இல்லை. இதுவும் செடிக் கணக்குதான். நமக்கென்று இங்கே வேறு செல்வம் இருக்கிறது. காமன் ஈவினிங் பிரவுன் என்ற பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு நெல்லிலும் புல்லிலும் வளர்கிறது. பொழுது சாயும் நேரத்தில்தான் அது பறக்கும். மழைக்காலத்தில் பிறப்பதற்கு இறக்கையின் அடிப்புறத்தில் கண் போன்ற புள்ளிகள் தெளிவாக இருக்கும். வறண்ட காலத்தில் பிறப்பது காய்ந்த சருகாகவே மாறிவிடும். நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு இதை ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்காமல் இருக்கலாமா? ஊரில் தேட நேரமில்லாதவர்கள் ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போகலாம். அங்கேயும் முதலில் செடிகளைப் பாருங்கள்.

குழுவாகப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எல்லோரும் சுற்றி வளைத்து நிற்காதீர்கள். ஒருவர் எடுத்து முடித்ததும் அடுத்தவர் போகட்டும். நிழல் மேலே விழுந்தால் அது பறந்துவிடும், அதனால் சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு தாழ்ந்து போங்கள். காலையில் இறக்கை விரித்து வெயில் காயும் நேரம் நல்லது. தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்துக்கொண்டு பிறகு நெருங்குங்கள். இறக்கை மூடியிருந்தால் அடிப்புறத்தையும் விடாதீர்கள்.

லென்ஸ் கேட்டிருந்தீர்கள். மிக அருகில் வைத்து எடுக்க உதவும் 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது, 300 வரை போகும் ஜூமும் போதும், பொறுமை இருந்தால் கைபேசியே போதும். கேமராவை இறக்கைக்கு நேர் இணையாகப் பிடித்தால் முழு இறக்கையும் கூர்மையாக வரும். இப்போதைக்குப் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். அடுத்த ஞாயிறு அதே கரைக்குப் போய், பருப்புக்கீரை படர்ந்த இடத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள். முட்டையிட வரும் பெண் எக்ஃப்ளையைக் கண்டால், கீரையோடு சேர்த்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.