உன் ஸ்லிப்ப காட்டு, என் ஸ்லிப்ப காட்டுறேன்

உக்காருங்கப்பா, பின்னாடி நிக்கிறவங்களும் முன்னாடி வாங்க. சிங்கப்பூர்ல நமக்கு கிடைக்கிறதே ஒரு ஞாயித்துக்கெழமை, அதுல தேக்கா மார்க்கெட் பக்கம் போயி ஊருக்கு பணம் போட்டு மீன் வாங்கி சமைக்கிற நேரத்துல இங்க வந்திருக்கீங்க, அதனால சட்டப் புஸ்தகம்லாம் படிச்சுக் காட்டப் போறதில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். தங்குற ரூம்ல பக்கத்து பெட்டுக்காரன்கிட்ட உன் சம்பளம் எவ்ளோன்னு கேட்டிருக்கீங்களா?

சிரிக்கிறீங்க. நானும் கேட்டதில்ல. ஏஜென்ட்டுக்கு எவ்ளோ கொடுத்தோம், வட்டி எவ்ளோன்னு ராத்திரி பூரா பேசுவோம், பேஸ்லிப், அதான் சம்பளச் சீட்டு, மட்டும் தலகாணி உறைக்குள்ள. கூட வாங்குறவன் கண்ணு படும்னு மறைப்பான், கம்மியா வாங்குறவன் வெக்கப்பட்டு மறைப்பான்.

நான் சைட்ல வேலை பாத்தப்போ ஒரு தம்பிக்கு வீட்ல அவசரம், யாரு எவ்ளோ கைமாத்து குடுக்கலாம்னு பாக்க நாலு பேரு ஸ்லிப்ப பெட்டு மேல போட்டோம். மூணு பேருக்கு பேஸிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 800 வெள்ளி. அந்த தம்பிக்கு மட்டும் பேஸிக் 500, அலவன்ஸ் 300. "மொத்தம் ஒண்ணுதானேண்ணே"ன்னான். அங்கதான் கோளாறே. ஓட்டி, அதாவது ஓவர்டைம் காச, பேஸிக்க வச்சுத்தான் கணக்கு பண்றாங்க. மாச பேஸிக்க 12ஆல பெருக்கி 2288ஆல வகுங்க (அதாவது 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம்), அதுல ஒன்றரை மடங்கு. 800க்கு ஒரு மணி நேரம் 6 வெள்ளி 29 காசு வரும். 500க்கு 3 வெள்ளி 93 காசு. மாசம் 60 மணி நேரம் ஓட்டி பாத்தா 141 வெள்ளிக்கு மேல காணோம், அதான் அவன் கைமாத்து கேட்டு நின்னான்.

அவன் ஐபிஏ லெட்டர, அதான் வர்றதுக்கு முன்னாடி வேலை பர்மிட்டுக்கு குடுக்குற ஒப்புதல் கடிதம், தேடி எடுத்தோம், அதுல பேஸிக் 800ன்னு தெளிவா இருக்கு. அத கொறைக்கணும்னா நம்மகிட்ட எழுத்துல சம்மதம் வாங்கணும், எம்ஓஎம்முக்கும், அதாவது மனிதவள அமைச்சுக்கும், சொல்லணும். தம்பி எதுலயும் கையெழுத்தே போடல. மத்த ரூம்லயும் விசாரிச்சா இன்னும் எட்டு பேரு இதே மாதிரி.

மொதல்ல ரெண்டு பேரு ஆபீஸ் போயி மரியாதையா கேட்டாங்க. "சிஸ்டம் அப்படித்தான்"னு பதில். அப்புறம் ஒம்போது பேரும் ஐபிஏ, ஸ்லிப்பு, டைம் கார்டு எல்லாத்தையும் போட்டோ புடிச்சு, எந்த நாள் எத்தன மணி வரைக்கும் வேலைன்னு நோட்ல எழுதி, சம்பளத் தகராற பேசித் தீக்குற டாடம் ஆபீஸுக்கு போனாங்க. தனியா போனா இவன் ஒருத்தன்தான் தகராறுன்னு ஆயிருக்கும், ஒம்போது பேரு ஒரே கணக்க காட்டுனா என்னத்த சொல்லுவாங்க? சமரசம் பேசி ரெண்டு தவணையா பணம் வந்துச்சு, ஆனா முழுசா இல்ல. வேலைல இருக்கறப்போ ஒரு வருஷத்துக்குள்ள கேக்கணும், வேலைய விட்டா ஆறு மாசம்தான். பழைய பாக்கி போனது போனதுதான்.

இன்னொன்னு, கோவத்துல நாளைக்கு வேலைக்கே போக வேணாம்னு ஒருத்தன் கெளப்புவான், அவன் பின்னாடி போகாதீங்க. 2012ல பஸ் ஓட்டுன சீன நாட்டு டிரைவருங்க 171 பேரு வேலைக்கு போகல, பஸ்ஸு அத்தியாவசிய சேவை, 14 நாள் முன்கூட்டி நோட்டீஸ் குடுக்கணும், குடுக்கல. அஞ்சு பேரு ஜெயிலுக்கு போனாங்க, 29 பேர ஊருக்கு அனுப்பிட்டாங்க. அவங்க சொன்ன சம்பளக் குறையில நியாயம் இல்லாமலா இருந்துச்சு? வழிதான் மாட்டிவிட்டுச்சு. யூனியன்ல நாமளும் சேரலாம், பர்மிட்காரங்களுக்கு தடை கெடையாது. 2009ல தொழிற்சங்கக் கூட்டமைப்பான என்டியுசியும் முதலாளிங்க சங்கமும் சேந்து நம்மள மாதிரி வெளிநாட்டு தொழிலாளிகளுக்காக ஆரம்பிச்ச மைக்ரன்ட் வொர்க்கர்ஸ் சென்டரும் இருக்கு.

"கேட்டா ஊருக்கு அனுப்பிருவாங்களேண்ணே"ன்னு அங்க ஒரு தம்பி முணுமுணுக்கிறது கேக்குது. பயம் எனக்கும் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா பக்கத்து பெட்டுக்காரன்கிட்ட கேக்குறதுக்கு எந்த பாஸும் அனுப்ப மாட்டாரு. போன்ல ஸ்லிப் இருக்குல்ல? எடுங்க. பக்கத்துல இருக்கறவன் கைல குடுங்க, பேஸிக்குன்னு போட்ட வரிய மட்டும் மொதல்ல பாருங்க.