யோபு வாய் மூடவில்லை, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே எங்களையும் பார்க்கிற சபையாரே, எல்லாருக்கும் வணக்கம்.

"துன்பத்தில் யோபுவின் உத்தமத்தைக் காத்தது பொறுமையா, கேள்வியா?" இதுதான் இன்றைய தலைப்பு. பொறுமையை அந்தப் பக்கம் கொடுத்துவிட்டு, கேள்வியை எங்கள் தலையில் கட்டிவிட்டார் நடுவர். "கோயில் திருவிழா மேடையில் ஏறி, ஆண்டவரைக் கேள்வி கேட்கலாம் என்றா பேசப்போகிறாய்?" என்று வீட்டிலேயே பயந்துபோனார்கள். நான் சொல்லப்போவதில் ஒன்றும் என் சொந்தச் சரக்கு இல்லை. எல்லாம் பைபிளில் வருகிற யோபுவின் புத்தகத்திலேயே இருக்கிறது. எதிரணி வாசிக்காமல் விட்ட பக்கங்களை வாசிக்கப்போகிறேன், அவ்வளவுதான்.

எதிரணித் தலைவர் பிரமாதமாகப் பேசினார். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்று அவர் குரல் தழுதழுக்கச் சொன்னபோது நானும் கைதட்டினேன். ஆனால் அது முதல் அதிகாரம் ஐயா! யோபுவின் புத்தகத்தில் மொத்தம் 42 அதிகாரங்கள். தலைவர் இரண்டாம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு, ஆடும் ஒட்டகமும் இரட்டிப்பாகக் கிடைக்கிற 42ஆம் அதிகாரத்தில்தான் மறுபடி திறந்தார். நடுவில் இருக்கிற இத்தனை அதிகாரங்களில் யோபு என்ன செய்துகொண்டிருந்தார்? சாம்பலில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டா இருந்தார்?

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊத்ஸ் தேசத்துக்காரர் யோபு. 7,000 ஆடு, 3,000 ஒட்டகம், 500 ஏர் மாடு, 500 கழுதை, ஏழு மகன்கள், மூன்று மகள்கள். ஒரே நாளில் எல்லாம் போகிறது. அதை அந்தப் புத்தகம் சொல்கிற விதத்தைப் பாருங்கள். ஒரு வேலைக்காரன் ஓடி வந்து, மாடுகளைச் சபேயர் ஓட்டிக்கொண்டு போனதைச் சொல்கிறான். அவன் சொல்லி முடிக்கவில்லை, அடுத்தவன் வந்து நிற்கிறான்: வானத்திலிருந்து தீ விழுந்து ஆடுகள் எரிந்துபோயின. அவனும் முடிக்கவில்லை, இன்னொருவன்: கல்தேயர் ஒட்டகங்களைக் கொண்டுபோய்விட்டார்கள். அவனும் முடிக்கவில்லை, நான்காவது ஆள் வந்து பிள்ளைகள் இருந்த வீடு காற்றில் இடிந்து விழுந்துவிட்டது என்கிறான். ஒரு சேதிக்கும் அடுத்த சேதிக்கும் நடுவில் அழக்கூட நேரம் கொடுக்கவில்லை. அப்புறம் உடம்பெல்லாம் கொப்புளம். உடைந்த ஓட்டை எடுத்துச் சொறிந்துகொண்டு சாம்பலில் உட்காருகிறார்.

இதெல்லாம் எதனால் வந்தது? யோபு செய்த பாவத்தால் வரவில்லை. "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" என்று சாத்தான் கேட்ட ஒரு கேள்வியால் வந்தது. அதாவது, ஆடும் மாடும் கொடுத்தீர், அதனால் கும்பிடுகிறான்; எடுத்துப் பாரும், அப்போது தெரியும். பக்தி என்பதே கொடுக்கல் வாங்கல்தான் என்பது சாத்தானின் வாதம். நடுவர் அவர்களே, இந்த இடத்தை மட்டும் ஒரு மூலையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என் வழக்கு முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

இப்போது மூன்று நண்பர்கள் வருகிறார்கள். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கேட்டால், அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். எட்டாம் நாளே எழுந்து ஊருக்குப் போயிருந்தால் இன்றைக்கு அவர்கள் பேருக்கும் திருவிழா எடுத்திருப்போம். வாயைத் திறந்தார்கள், கெட்டது.

என்ன சொன்னார்கள்? "குற்றமில்லாதவன் எங்கேயாவது அழிந்ததுண்டா?" என்கிறார் எலிப்பாஸ். பிள்ளைகளைப் பறிகொடுத்தவனைப் பார்த்து, "உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள்" என்கிற தோரணையில் பேசுகிறார் பில்தாத். சோப்பார் இன்னும் ஒரு படி மேலே போய், "உன் அக்கிரமத்துக்கு ஆண்டவர் கொடுத்த தண்டனை குறைவுதான்" என்கிறார். துக்க வீட்டுக்கு வந்து பேசுகிற பேச்சா இது? சிரிக்காதீர்கள், நம் ஊரிலும் இவர்கள் செத்துப்போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆர்லிக்ஸ் பாட்டிலை நீட்டிக்கொண்டே, "ஜெபத்துல எங்கேயாவது குறை வச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்கிறவர் யார்? சோப்பாரின் சொந்தக்காரர்தான்.

மூன்று பேரும் சுற்றிச் சுற்றிக் கொடுத்த ஆலோசனை ஒன்றுதான். "பாவம் செய்தேன் என்று ஒத்துக்கொள். ஆண்டவரிடம் திரும்பு. போனதெல்லாம் திரும்பி வரும்." கேட்பதற்கு எவ்வளவு பக்தியாக இருக்கிறது! எதிரணி சொல்கிற பொறுமைசாலியாக யோபு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? "பெரியவர்கள் சொல்கிறார்கள், சரி, ஏதோ செய்திருப்பேன், மன்னியும் ஆண்டவரே" என்று தலையைக் குனிந்திருப்பார். பிரச்சினை முடிந்திருக்கும்.

ஆனால் முடிந்திருப்பது எது? அந்த மூலையில் குறித்து வைத்ததை இப்போது எடுங்கள் நடுவர் அவர்களே. செய்யாத பாவத்தைச் செய்தேன் என்று சொல்லி, அதற்குக் கூலியாக ஆட்டையும் மாட்டையும் திரும்ப வாங்கியிருந்தால், அது கொடுக்கல் வாங்கல் இல்லையா? சாத்தான் என்ன சொன்னானோ அது அப்படியே நிரூபணம் ஆகியிருக்காதா? அதுவும் பொய் சொல்லி வாங்கியது! சாத்தானால் கொப்புளத்தைக் கொண்டு செய்ய முடியாததை, நண்பர்கள் ஆறுதல் வார்த்தையைக் கொண்டு செய்யப் பார்த்தார்கள். யோபு ஒத்துக்கொள்ளவில்லை. "என் ஆவி பிரியுமட்டும் என் உத்தமத்தை என்னைவிட்டு விலக்கேன்" என்றார். 27ஆம் அதிகாரம். உத்தமத்தைக் காத்தது எது என்பதுதானே தலைப்பு? அந்தச் சொல் வருகிற வசனமே யோபு எதிர்த்துப் பேசுகிற வசனம்தான்!

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், தங்கச்சி, அருமையாக ஒரு வசனம் சொன்னார். "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்." காலண்டரில் இருக்கிறது, வேன் கண்ணாடியில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில்கூடப் பார்த்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் ஏன் போட்டார்கள் என்பது வேறு பட்டிமன்றம். ஆனால் அம்மா, அந்த வசனம் அங்கே முடியவில்லை. "ஆனாலும் என் வழிகளை அவருக்கு முன்பாக ரூபகாரம்பண்ணுவேன்" என்று தொடர்கிறது. கொன்றாலும் நம்புவேன், ஆனாலும் என் வழக்கை அவர் முன்னால் வைக்காமல் விடமாட்டேன் என்கிறார். நம்பிக்கையும் வழக்கும் ஒரே வசனத்தில், ஒரே மூச்சில் இருக்கிறது. காலண்டர்காரருக்கு இடம் போதவில்லை, பாதியை வெட்டிவிட்டார். எதிரணியும் காலண்டரைப் பார்த்துத் தயாரித்துவிட்டது போலிருக்கிறது.

இன்னொன்றைக் கவனியுங்கள். நண்பர்கள் மூவரும் ஆண்டவரைப் பற்றி எவ்வளவோ பேசுகிறார்கள். அவரோடு ஒரு வார்த்தை பேசுகிறார்களா? ஒரு ஜெபம்கூடக் கிடையாது. யோபுதான் நண்பர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று ஆண்டவர் பக்கம் திரும்பிவிடுகிறார். "என்மேல் காவல் வைக்க நான் என்ன கடலா?" என்று கேட்கிறார். எச்சில் விழுங்குகிற நேரமாவது என்னை விடமாட்டீரா என்று கேட்கிறார். என்னோடு ஏன் வழக்காடுகிறீர், காரணத்தைச் சொல்லும் என்று கேட்கிறார். நம்பிக்கை போனவன் இப்படிக் கேட்பானா? ஆள் இல்லாத வீட்டின் கதவை யார் இவ்வளவு நேரம் தட்டுவார்கள்?

"கடவுளிடம் உரிமையோடு சண்டை போடுவது நம் மண்ணின் வழக்கம் இல்லை" என்று மூன்றாவது பேச்சாளர் சொன்னார். அண்ணே, திருவாரூர் இந்த மண்ணில்தானே இருக்கிறது? கண்ணை இழந்து, காஞ்சியில் ஒரு கண் மட்டும் திரும்பக் கிடைத்து வந்து நின்ற தேவாரம் பாடிய சுந்தரர், உங்கள் அடியார்கள் உள்ளே கனன்று தங்கள் அல்லலைச் சொன்னாலும் நீர் சும்மாதானே இருப்பீர், "வாழ்ந்து போதீரே" என்று சிவபெருமானின் முகத்துக்கு நேராகப் பாடவில்லையா? இத்தனைக்கும் சுந்தரர், பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாரிடம் செய்த சத்தியத்தை மீறியவர். அந்தக் குற்றம்கூட யோபுவிடம் இல்லை. அவர் கேட்கக் கூடாதா?

யோபுவிடம் குற்றம் இல்லை என்பதை நானாகச் சொல்லவில்லை, 31ஆம் அதிகாரத்தில் அவரே தம்மை விசாரித்துக் காட்டுகிறார். எனக்கு அந்தப் புத்தகத்திலேயே பிடித்த இடம் அது. சாமி கும்பிட்டேன், காணிக்கை போட்டேன் என்று பட்டியல் போடவில்லை. என் வேலைக்காரனும் வேலைக்காரியும் என்மேல் வழக்குக் கொண்டுவந்தபோது அதைத் தட்டிக்கழித்தேனா என்று கேட்கிறார். என்னைத் தாயின் கர்ப்பத்தில் உண்டாக்கினவர்தானே அவனையும் உண்டாக்கினார் என்கிறார். அநாதைக்குக் கொடுக்காமல் தனியாகச் சாப்பிட்டேனா? உடுப்பு இல்லாமல் ஒருவன் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேனா? கடைசியில் நிலத்துக்கு வருகிறார். என் காணி என்னைப் பார்த்துக் கூப்பிட்டால், அதன் படைச்சால்கள் அழுதால், பயிரிட்டவர்களுக்குக் கூலி கொடுக்காமல் அதன் பலனைத் தின்றிருந்தால், கோதுமைக்குப் பதிலாக முள் முளைக்கட்டும் என்கிறார். உழுத சால் அழுமாம்! கூலி பாக்கி வைத்தவன் வயலில் நின்று இப்படிச் சத்தியம் செய்ய முடியுமா? உத்தமம் என்று ஒன்று இருந்ததால்தான் அவருக்குக் கேள்வி கேட்கத் தைரியம் வந்தது. ஆண்டவரை நோக்கி விரல் நீட்டுகிறவர், முதலில் தம் கணக்கு நோட்டைத் திறந்து மேஜைமேல் வைத்துவிட்டார்.

எதிரணி விடமாட்டார்கள், தெரியும். "ஆண்டவர் பெருங்காற்றிலிருந்து பேசினாரே, நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய் என்று கேட்டாரே, யோபு கையால் வாயைப் பொத்திக்கொண்டாரே" என்பார்கள். உண்மை. யோபு திட்டு வாங்கினார். உன்னை நீதிமானாக்கிக்கொள்ள என்மேல் குற்றம் சுமத்துவாயோ என்றுகூட ஆண்டவர் கேட்டார். நான் மறைக்கவில்லை. ஆனால் அத்தனை பேச்சில், காட்டுக்கழுதை வருகிறது, தீக்குருவி என்கிற நெருப்புக்கோழி வருகிறது, லிவியாதான் என்கிற பெரிய கடல் மிருகம் வருகிறது, "நீ செய்த பாவத்துக்காகத்தான் இது உனக்கு வந்தது" என்ற ஒரு வரி வந்ததா? வரவே இல்லை. கேட்ட காரணம் யோபுவுக்குக் கிடைக்கவில்லை. கேட்ட ஆள் கிடைத்தார். "என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன்; இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்கிறார் யோபு. கொப்புளம் ஆறுவதற்கு முன்னால், ஒரு ஆட்டுக்குட்டிகூடத் திரும்பி வருவதற்கு முன்னால் சொன்ன வார்த்தை இது.

பைபிளிலேயே பின்னால் வருகிற யாக்கோபு நிருபத்தில், அதாவது கடிதத்தில், "யோபின் பொறுமை" என்று இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். 3 முதல் 31 வரை யோபு பேசியதையெல்லாம் வாசித்துவிட்டு அதற்குப் பெயர் பொறுமை என்று வைத்தால் எனக்குச் சம்மதம். அப்படியானால் எதிரணி எங்கள் பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வரவேண்டியதுதான்.

நடுவர் அவர்களே, இன்றைக்குத் தீர்ப்பு சொல்ல நீங்கள் அதிகம் சிரமப்பட வேண்டாம். ஏற்கெனவே ஒரு தீர்ப்பு வந்துவிட்டது. 42ஆம் அதிகாரம், ஏழாம் வசனம். ஆண்டவர் எலிப்பாஸைக் கூப்பிட்டு, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். நிதானமாய் என்றால் இங்கே சரியாய் என்று பொருள். யாரைப் பார்த்து? தமக்காக வக்காலத்து வாங்கியவர்களைப் பார்த்து! கேள்வி கேட்டவன் பக்கம் தீர்ப்பு, ஜால்ரா போட்டவர்களுக்கு அபராதம். ஏழு காளை, ஏழு ஆட்டுக்கடா. அதுவும் யோபுவிடம் கொண்டுபோய்ப் பலியிட்டு, அவர் ஜெபம் செய்தால்தான் மன்னிப்பு.

எதிரணி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தீர்ப்பு எங்களுக்கு வந்தால் உங்களிடம் காளையெல்லாம் கேட்க மாட்டோம். பந்தியில் எங்களை முன்னால் விட்டால் போதும். நன்றி, வணக்கம்.