வருமானம் இல்லாதவரே முதலில் வரவேண்டும்

(கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில், வருமான வரி இலவச உதவி முகாம்களுக்குத் தன்னார்வலர்களைத் திரட்டுவதற்காகப் பெப்ரவரி மாதம் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். இந்தக் குளிரில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வரி பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். முன்னால் இருக்கிற அம்மாமார், ஐயாமார் உதவி தேவைப்பட்டு வந்தவர்கள். பின்னால் நிற்கிற பிள்ளைகள் உதவி செய்யப் பெயர் கொடுக்க வந்தவர்கள். இரண்டு பகுதியினரோடும் கதைக்க வேண்டியிருக்கிறது. முதலில் முன்வரிசை.

ஒவ்வொரு வருடமும் என்னிடம் கேட்கப்படுகிற கேள்வி ஒன்று: "எனக்கு வருமானமே இல்லைத் தம்பி, நான் ஏன் டக்ஸ் பைல் பண்ண வேணும்?" வருமான வரிப் பத்திரத்தை நிரப்பி அரசாங்கத்துக்கு அனுப்புவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். நியாயமான கேள்விதான். ஊரில் எங்களில் பெரும்பாலானோருக்கு வருமான வரி அலுவலகத்தின் வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியாது. தோட்டம் செய்தவரும் மீன்பிடித்தவரும் தையல் தைத்தவரும் வரிப் பத்திரம் ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. வரி என்பது காசுக்காரரின் சோலி என்று வளர்ந்த ஆக்கள் நாங்கள்.

கனடாவில் அந்தப் பத்திரம் வேறு வேலை செய்கிறது. அரசாங்கம் உங்களிடமிருந்து எவ்வளவு எடுக்கவேண்டும் என்று கணக்குப் பார்ப்பது அதன் ஒரு பாதி. உங்களுக்கு எவ்வளவு தரவேண்டும் என்று பார்ப்பது மற்றப் பாதி. பிள்ளைகளுக்கான மாதக் கொடுப்பனவு, விற்பனை வரிக்கு ஈடாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற ஜீஎஸ்டி காசு, சொத்துவரி போன்ற சுமைகளைக் குறைக்க ஒன்ராறியோ மாகாணம் தருகிற ட்ரில்லியம் காசு, முதியோருக்கான வருமான உத்தரவாதத் தொகை, பல் வைத்தியத் திட்டம் எல்லாமே அந்தப் பத்திரத்தில் இருக்கிற வருமானத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படுகின்றன. நிறைய உழைக்கிறவர் பைல் பண்ணாவிட்டால் அரசாங்கம் அவரைத் தேடி வரும். ஒன்றுமே உழைக்காதவர் பைல் பண்ணாவிட்டால் யாரும் தேடி வரமாட்டார்கள், காசு மட்டும் வராமல் நின்றுவிடும். ஆகவே வருமானம் குறைந்தவரே முதலில் வரவேண்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.

கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனிபர் ரொப்சன், சோல் ஷ்வார்ட்ஸ் இருவரும் 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பைல் பண்ணாததால் உழைக்கும் வயதிலுள்ளவர்கள் கைவிட்ட கொடுப்பனவுகள், 2015ஆம் ஆண்டில் மட்டும், 170 கோடி டொலர் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். அது எவரும் களவெடுத்த காசு இல்லை. வீட்டு வாடகைக்கும் பால்மாவுக்கும் என்று சட்டம் ஒதுக்கிவைத்த காசு, கேட்க ஆளில்லாமல் அப்படியே கிடந்திருக்கிறது.

ஒரு குடும்பத்தை எடுத்துப் பாருங்கள். நாலு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள். குடும்பத்தின் நிகர வருமானம் 37,487 டொலருக்குக் கீழே. 2025 யூலை முதல் 2026 யூன் வரையான காலத்தில், ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வருடத்துக்கு 7,997 டொலர், ஆறிலிருந்து பதினேழு வரை உள்ள பிள்ளைக்கு 6,748 டொலர். இரண்டும் சேர்ந்தால் 14,745. மாதத்துக்கு 1,228 டொலருக்கு மேல். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் (நிலக்கீழ் வீடு) வாடகையின் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும்.

இந்தக் காசு வருவதற்குத் தாய் மட்டும் பைல் பண்ணினால் போதாது, தகப்பனும் பண்ணவேண்டும். இதில்தான் எங்கள் வீடுகள் நிறைய அடிபடுகின்றன. கணவர் இரண்டு வேலை செய்வார், "பிறகு பாப்பம்" என்று பத்திரங்களை லாச்சிக்குள் வைத்துவிடுவார். யூலை வரைக்கும் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் கொடுப்பனவு வருடம் யூலையில்தான் புதிதாகத் தொடங்குகிறது. யூலை 20ஆம் திகதி வங்கிக் கணக்கைப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அந்த நேரம் பதறிக்கொண்டு வருகிற தாய்மாரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பைல் பண்ணினால் நின்ற காசு திரும்ப வரும், முந்திய மாதங்களுக்கும் சேர்த்து வரும். ஆனால் இடையில் வாடகை காத்திருக்காது.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். பொதுவில் நாங்கள் கதைக்க விரும்பாத விஷயம், ஆனாலும் சொல்கிறேன். கணவரை விட்டுப் பிரிந்து பிள்ளைகளோடு வெளியே வந்த பெண், உறவு முறிந்து 90 நாட்களுக்குத் தனித்தனியாக வாழ்ந்துவிட்டால், பிரிந்தவர் என்று அரசாங்கத்துக்கு அறிவிக்கலாம். நீதிமன்றமோ விவாகரத்துப் பத்திரமோ தேவையில்லை. அறிவித்த பிறகு, கொடுப்பனவு அவரின் தனி வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படும், கணவர் பைல் பண்ணுகிறாரா இல்லையா என்று காத்திருக்கத் தேவையில்லை. சனம் என்ன சொல்லுமோ என்று பயந்து "திருமணமானவர்" என்றே வருடக்கணக்காகப் பதிந்துகொண்டு, வரவேண்டிய காசு வராமல் கஷ்டப்படுகிற தங்கைமார் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். தெரிந்தவர்கள் அவர்களிடம் சொல்லுங்கள்.

இப்போது மூத்தவர்களிடம் வருகிறேன். 1983க்குப் பிறகு முப்பது வயதில் வந்திறங்கியவர்களுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. அந்த நாட்களில் உணவகச் சமையலறைகளிலும் துப்புரவு வேலையிலும் கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்தவர்கள் எத்தனை பேர்! அந்தக் காசிலிருந்து ஓய்வூதியத்துக்கு ஒரு சதமும் கழிக்கப்படவில்லை. முதலாளிக்கு அது லாபம், எங்களுக்கும் அன்றைக்கு வசதியாகத்தான் இருந்தது. இன்றைக்கு அவர்களின் கையில் வருகிற கனடா ஓய்வூதியம் மிகச் சிறியது. அதனால்தான் வருமான உத்தரவாதத் தொகை அவர்களுக்கு உயிர்நாடி. தனியாக வாழுகிற ஒருவருக்கு அது, அவரின் வருமானத்தையும் இங்கே வாழ்ந்த காலத்தையும் பொறுத்து, மாதம் ஆயிரம் டொலரையும் தாண்டலாம். ஏப்ரல் 30க்குள் பைல் பண்ணியவருக்கு அது தன்பாட்டில் புதுப்பிக்கப்படும். பண்ணாதவருக்கு யூலையில் நின்றுபோகலாம். இலங்கையிலிருந்து ஆசிரியர் ஓய்வூதியமோ வேறு ஓய்வூதியமோ வருகிறதென்றால் அதையும் சொல்லவேண்டும், ஒளிக்காதீர்கள். ரூபாயில் பெரிதாகத் தெரிகிற தொகை டொலரில் சிறியது. அதை மறைத்துப் பின்னால் வருகிற சிக்கல்தான் பெரியது.

வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் கவனியுங்கள். ஒன்ராறியோவின் ட்ரில்லியம் காசு பைல் பண்ணினால் மட்டும் முழுதாக வந்துவிடாது. வருடம் முழுக்கக் கட்டிய வாடகை எவ்வளவு, யாருக்குக் கட்டினீர்கள், எந்த முகவரியில் என்று அதற்கான படிவத்தில் எழுதவேண்டும். கட்டிய வாடகையில் 20 வீதத்தை உங்கள் பங்குச் சொத்துவரி போலக் கணக்கில் எடுப்பார்கள். சொந்தக்காரரின் பேஸ்மென்டில் இருந்துகொண்டு ரசீது கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அந்தப் பகுதியை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். கூச்சப்பட என்ன இருக்கிறது? மாமாவாக இருந்தாலும் ரசீது கேளுங்கள். அல்லது வங்கி வழியாகக் காசை அனுப்புங்கள், அதன் பதிவு இருக்கும்.

பல் வைத்தியத் திட்டம் பற்றிச் சுருக்கமாக. வேறு பல் காப்புறுதி இல்லாத, 90,000 டொலருக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு அது இருக்கிறது. முந்திய வருடத்துக்கு நீங்களும் துணைவரும் பைல் பண்ணி, அரசாங்கம் கணக்கைப் பார்த்து அனுப்புகிற மதிப்பீட்டுக் கடிதம் வந்திருக்கவேண்டும்.

பிள்ளைகளின் மேற்படிப்புக்கு அரசாங்கம் போடுகிற காசான கல்வி முறி பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல விடுங்கள், ஏனென்றால் எனக்கு மனம் எரிகிற விஷயம் இது. 2004ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளை, குறைந்த வருமானக் குடும்பம் என்றால், கல்விச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறந்தால் போதும். முதல் வருடம் 500 டொலர், பிறகு தகுதியுள்ள ஒவ்வொரு வருடமும் 100 டொலர், 15 வயதுவரை, மொத்தம் 2,000 டொலர் வரை அரசாங்கம் போடும். பெற்றோர் ஒரு சதமும் போடத் தேவையில்லை. தாய் தகப்பன் தவறவிட்டிருந்தால், 18 வயதானதும் பிள்ளை தானே கேட்கலாம், ஆனால் 21 வயதாவதற்கு முதல். பின்னால் நிற்கிற பிள்ளைகளே, இது உங்களில் சிலருக்கே பொருந்தும். வீட்டுக்குப் போனதும் விசாரியுங்கள். இதைப் பற்றி எங்கள் ஆக்களுக்கு யாரும் சொல்லவில்லை, அதேவேளை பல குடும்பங்களின் கல்விச் சேமிப்பை ஒன்றாகச் சேர்த்து நடத்துகிற, மாதாமாதம் கட்டுகிற குழுத் திட்டங்களை விற்க மட்டும் வீடு தேடி ஆள் வருகிறது. அந்தத் திட்டங்களில் ஆரம்ப வருடங்களில் கட்டுகிற காசில் பெரும்பங்கு சேர்க்கைக் கட்டணமாகப் போய்விடுவதுண்டு. மாதச் சம்பளம் நிச்சயமில்லாத குடும்பத்துக்கு அது ஏற்றதில்லை என்பது என் கருத்து.

காசு கொடுத்துப் பைல் பண்ணுவதைப் பற்றி. நல்ல கணக்காளர்கள் எங்கள் சமூகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. "உடனே காசு கையில்" என்கிற பலகைகளைப் பற்றியே சொல்கிறேன். பைல் பண்ணினால் அரசாங்கத்திலிருந்து உங்களுக்குத் திரும்பி வரவேண்டிய மீள்தொகையை முன்கூட்டியே தந்து, அதில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்கிற தொழில் அது. அதற்கென்று சட்டம் இருக்கிறது: முதல் 300 டொலரில் 15 வீதமும் மிச்சத்தில் 5 வீதமும் எடுக்கலாம், அதுதான் உச்சம். உங்களுக்கு 2,300 டொலர் வரவேண்டுமென்றால் 145 டொலர் அவர்களுக்கு. இலத்திரனியல் முறையில் பைல் பண்ணி, வங்கிக்கு நேரடியாக வரும்படி பதிந்திருந்தால், அதே காசு பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் முழுதாக வந்துவிடும். அந்த இரண்டு கிழமைக்குக் கொடுக்கிற விலை அது. அவசரம் உள்ள ஏழைதான் அதைக் கொடுக்கிறார்.

இதற்கு மாற்றாக 1971ஆம் ஆண்டிலிருந்து கனடாவில் ஒரு திட்டம் இருக்கிறது. வருமானவரித் திணைக்களம் பயிற்சியையும் கணினி மென்பொருளையும் தருகிறது. கோயில், நூலகம், சமூக நிலையம், முதியோர் சங்கம் போன்ற அமைப்புகள் இடம் தருகின்றன. தன்னார்வலர்கள் இருந்து, குறைந்த வருமானமும் எளிய கணக்கும் உள்ளவர்களுக்கு ஒரு சதமும் வாங்காமல் பைல் பண்ணிக் கொடுக்கிறார்கள். 2020இல் பெருந்தொற்று வந்தபிறகு தொலைபேசியிலும் காணொளியிலும்கூடச் செய்கிறார்கள். நடக்க முடியாதவர்கள் வீட்டில் இருந்தபடியே செய்யலாம்.

அப்படியிருந்தும் ஏன் எங்கள் ஆக்கள் வருவதில்லை? பயம் இரண்டு. ஒன்று அபராதம். பல வருடம் பைல் பண்ணாதவர் "இப்ப போனா பிடிப்பாங்கள்" என்று ஒதுங்குகிறார். பிந்திப் பைல் பண்ணுவதற்கான அபராதம், கட்டவேண்டிய வரியின் மீது கணக்கிடப்படுவது. கட்டவேண்டிய வரி இல்லையென்றால் அந்த அபராதமும் இல்லை. பத்து வருடம் வரை பின்னோக்கிப் போய்ப் பைல் பண்ணலாம். நான் கண்ட அளவில், பயந்து பயந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் திரும்பிப் போனது வரவேண்டிய காசோடுதான்.

இரண்டாவது பயம் இதைவிட ஆழமானது. முகாமில் இருக்கிறவர் எங்கள் ஊர்க்காரர், என் வருமானத்தை அவர் பார்த்துவிட்டால் நாளைக்குக் கலியாண வீட்டில் கதை வந்துவிடும். இந்தப் பயத்தை நான் லேசாக எடுக்கமாட்டேன். தன்னார்வலர்களே, இது உங்களுக்கு. உங்கள் மேசையில் கண்ட எதையும், யாருடைய பெயரையும், வீட்டில் அம்மாவிடம்கூடச் சொல்லக்கூடாது. "அந்த அன்ரி வந்தவ" என்றுகூடச் சொல்லக்கூடாது. வாயைக் கட்ட முடியாதவர் இந்த வேலைக்கு வரவேண்டாம். வந்தவர்களுக்கு இன்னொரு தன்னார்வலர் வேண்டுமென்றால், அல்லது அடுத்த நகரத்து முகாம் வேண்டுமென்றால், முகம் சுளிக்காமல் வழி காட்டுங்கள்.

இந்தத் திட்டத்தின் குறையையும் சொல்லவேண்டும். சொந்தத் தொழில் வருமானம், வீடு வாடகைக்கு விட்ட வருமானம், வங்குரோத்து, இறந்தவரின் கணக்கு போன்றவை பொதுவாக இதில் அடங்காது. இன்றைக்கு எங்கள் பெடியங்களில் எத்தனை பேர் வாடகைக் கார்ச் செயலிகளில் ஓடுகிறார்கள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்! செலவு போகச் சிலருக்கு மணித்தியாலத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம்கூட வராது, ஆனால் சட்டத்தின் பார்வையில் அவர் சொந்தத் தொழில் செய்பவர். பயணிகளை ஏற்றுகிறவர் முதல் டொலரிலிருந்தே எச்எஸ்டி என்கிற விற்பனை வரிக்குப் பதியவேண்டும், சாப்பாடு மட்டும் கொடுக்கிறவர் வருமானம் 30,000 டொலரைத் தாண்டினால்தான் பதியவேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டு வருடம் ஓடிவிட்டுப் பெரிய கடனோடு நிற்கிறவர்கள் உண்டு. மிகவும் உதவி தேவைப்படுகிறவரை இலவசத் திட்டம் வாசலில் நிறுத்துவது சரியில்லை. மண்டபத்தில் கணக்காளர்கள் இருக்கிறீர்கள். வருடத்தில் ஒரு சனிக்கிழமையை இந்த ஓட்டுநர்களுக்காக ஒதுக்க முடியுமா என்று உங்களிடம் நேராகவே கேட்கிறேன்.

படிக்க வந்த மாணவர்களுக்கும் ஒரு சொல். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாலும் திருச்சியிலிருந்து வந்தாலும், தற்காலிகமாக இருப்பவர்களுக்குத் தருகிற, ஒன்பதில் தொடங்கும் சமூகக் காப்புறுதி எண் வைத்திருந்தாலும், 19 வயது கடந்தவர் வரியைப் பொறுத்தவரை இங்கே வதிபவர் என்றால் ஜீஎஸ்டி காசுக்குத் தகுதி பெறலாம். பல்கலைக்கழகம் தருகிற கட்டணப் பத்திரத்தையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

கடைசியாகப் பின்வரிசைப் பிள்ளைகளுக்கு. நீங்கள் கணக்காளராக இருக்கவேண்டியதில்லை. பயிற்சி இணையத்தில் இருக்கிறது. தமிழில் பொறுமையாகக் கேட்கத் தெரிந்திருக்கவேண்டும், அது பயிற்சியில் வராது. ஒன்ராறியோவின் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேவைப்படுகிற 40 மணித்தியாலச் சமூக சேவையை வரவேற்பு மேசையில் இருந்து முடிக்கலாம். பத்து வயதுப் பிள்ளை தாயின் வருமானத்தையும் தகப்பனின் கடனையும் மொழிபெயர்த்துக்கொண்டு இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாரம் அந்தப் பிள்ளைக்கு வேண்டாம், நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பைல் பண்ணுகிற தன்னார்வலருக்குப் பொலிஸ் சான்றிதழ் கட்டாயம். அது வர நாளாகும். மார்ச் பாதியில் யோசித்தால் ஏப்ரல் முடிந்துவிடும். விண்ணப்பங்கள் வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கின்றன, இன்றைக்கே நிரப்பித் தாருங்கள். உதவி வேண்டியவர்கள் அடையாள அட்டை, சமூகக் காப்புறுதி எண், வேலைப் பத்திரங்கள், வெல்பெயர் (அரசாங்க உதவிக் காசு) பத்திரம், வாடகை விபரம், போன வருட மதிப்பீட்டுக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஏதாவது இல்லாவிட்டாலும் வாருங்கள், இருப்பதைக் கொண்டு தொடங்கலாம். இப்போது கேள்விகளைக் கேளுங்கள். எல்லாருக்கும் முன்னால் கேட்க விருப்பமில்லாதவர்கள் கூட்டம் முடிந்தபிறகு வாருங்கள், கடைசி ஆள் போகும்வரை நான் இங்கேதான் இருப்பேன்.