கை தேடும் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

14 வருடம் ஓட்டிய காரைக் கொடுத்துவிட்டு அண்மையில் புதுக் கார் ஒன்று வாங்கினேன். முதல் நாள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடக் கை தானாகப் போனது. போன இடத்தில் டம்ளர் வைக்கிற குழி இரண்டுதான் இருந்தன. ஹேண்ட் பிரேக் சின்னப் பொத்தானாகிவிட்டது என்பதை விற்பனையாளர் சொல்லித்தான் கொடுத்தார். எனக்குத் தெரியும்; கைக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் அந்தக் குழியைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

பழைய வண்டி மாதிரி வருமா என்று புலம்ப நான் இங்கே வரவில்லை. ஒரு காலத்தில் காருக்கு முன்னால் நின்று இரும்புக் கம்பியைச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்பவேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கம்பி திரும்பச் சுழன்று கையை முறித்துவிடும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு காடிலாக் காரில் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பி போயே போய்விட்டது, யாரும் அழவில்லை. குளிரில் இழுத்துவிடும் சோக், கண்ணாடியை இறக்கச் சுற்றும் கைப்பிடி, சிகரெட் லைட்டர் எல்லாம் அந்த வரிசைதான். நமக்கு வேலை வைத்தவை. போகட்டும்.

பொத்தான்கள் போனதைத்தான் என்னால் அப்படி விடமுடியவில்லை. பழைய காரில் ஏசிக்கு ஒரு திருகு இருந்தது. கண் சாலையில் இருக்கும், விரல் திருகைத் தொட்டு, டிக் டிக் என்று இரண்டு சொடுக்கு வைக்கும், அவ்வளவுதான். புதிய காரில் அந்த இடத்தில் வழவழவென்று பெரிய தொடுதிரை. மேடு பள்ளம் இல்லாத கண்ணாடியில் விரலுக்கு என்ன அடையாளம் கிடைக்கும்? பார்த்தால்தான் தொடமுடியும். முதல் மழையில் முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து மங்கியது. அதைப் போக்கும் பொத்தான் திரையில் எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதற்குள் எதிரே சாலையே இல்லை. ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் கண்டுபிடித்தேன்.

வயதானவன் தடுமாற்றம் என்று நீங்கள் நினைக்கலாம். சுவீடனில் வெளிவரும் மோட்டார் பத்திரிகை ஒன்று 2022இல் இதை அளந்தே பார்த்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஆவி போக்கியைப் போடுவது, ரேடியோவில் குறிப்பிட்ட நிலையத்துக்கு மாற்றுவது என்று நான்கு வகை வேலைகள். காரைப் பழகிக்கொள்ள ஓட்டுநருக்கு முன்கூட்டியே நேரமும் கொடுத்தார்கள். பொத்தான்கள் நிறைந்த 2005ஆம் ஆண்டு வோல்வோவில் எல்லாம் 10 வினாடியில் முடிந்தது. அதற்குள் கார் 306 மீட்டர் போயிருந்தது. சோதனையில் கடைசி இடத்துக்கு வந்த புதுக் காரில் 44.9 வினாடி ஆயிற்று. அதற்குள் 1,372 மீட்டர்.

நல்லவேளையாகக் காற்று கொஞ்சம் திரும்புகிறது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் புது விதி வைத்திருக்கிறது. இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்தும் திரைக்குள் இல்லாமல் கைக்குத் தனியாக எட்டினால்தான் முழு மதிப்பெண்.

ரேடியோ என்றதும் ஞாபகம் வருகிறது. மின்சாரக் கார்களில் மோட்டாரை இயக்கும் கருவிகள் கிளப்பும் இரைச்சல் ஏ.எம். அலைவரிசையைக் கெடுக்கிறது. அதனால் சில நிறுவனங்கள் ஏ.எம்.மையே எடுத்துவிட்டன. 2023இல் ஃபோர்டு நிறுவனமும் எடுக்கப்போவதாகச் சொல்லிப் பார்த்தது. எதிர்ப்பு வந்ததும் சில வாரங்களிலேயே பின்வாங்கியது. இந்த உரையைக் காரில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அடுத்த வண்டி வாங்குமுன் இதையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். என் சுயநலம்தான்.

சரி, கடையில் என்ன பார்ப்பது? ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால், நிற்கிற வண்டியிலேயே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வைப்பரைப் போடுங்கள், ஏசியைக் குறையுங்கள், அபாய விளக்கைத் தட்டுங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். அப்புறம், பேட்டரி இறங்கிவிட்டால் எதெல்லாம் வேலை செய்யாது என்று கேளுங்கள். பொத்தான் ஹேண்ட் பிரேக் பேட்டரி உயிரோடு இருந்தால்தான் விடுபடும். அதற்காக அது மட்டம் என்று சொல்லமாட்டேன். மேட்டில் நிறுத்திக் கிளம்பும்போது அதுவே வண்டியைப் பிடித்து, அதுவே விடுகிறது. ஓடும்போது கால் பிரேக் கைவிட்டால் பொத்தானை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும், வண்டி நின்றுவிடும் என்று என் காரின் கையேட்டில் போட்டிருக்கிறது. இதை வாசித்த பிறகுதான் எனக்கு அதன்மேல் மரியாதையே வந்தது.

கடைசியாக ஸ்டெப்னி. இது வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஒரு தெருப் பெயர். ஆரம்பகாலக் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமல்தான் வந்தன. அந்த ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் 1904இல், பஞ்சரான சக்கரத்தின் மேலேயே மாட்டிக்கொள்ளும் வளையச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்றார்கள். தெருப் பெயர் சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டு நம் பேச்சுவரை வந்துவிட்டது. இப்போது எடை குறைக்க, இடம் மிச்சப்படுத்த என்று ஸ்டெப்னியை எடுத்துவிட்டு, ஓட்டையை அடைக்கும் திரவப் புட்டி ஒன்றும் காற்றடிக்கும் சின்ன பம்ப் ஒன்றும் வைக்கிறார்கள். ஆணி குத்திய ஓட்டைக்கு அது போதும். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அது உதவாது. புட்டிக்குக் காலாவதித் தேதி வேறு இருக்கிறது. டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

நான் தனியாக ஒரு ஸ்டெப்னி வாங்கிப் போட்டுவிட்டேன். புட்டி இருக்கிறதே என்று ஜாக்கியும் கொடுத்திருக்கவில்லை, அதையும் ஸ்பானரையும் சேர்த்து வாங்கவேண்டியதாயிற்று. டிக்கியில் இனி ஒரு பெட்டிதான் வைக்கமுடியும் என்று வீட்டில் முணுமுணுப்பு.

நன்றி, வணக்கம்.