டெரிஃபயர் 2: பார்வையாளர்களின் பணமும் பார்வையாளர்களின் கோபமும்

வணக்கம். இன்று, ஆர்ட் என்ற கொலைகாரக் கோமாளியைப் பற்றிய அமெரிக்கத் திகில் படமான ‘டெரிஃபயர் 2’ பற்றிப் பேசப் போகிறேன். முடிவு உட்பட முழுக் கதையையும் தொட்டுத்தான் பேசுவேன். எதுவும் தெரியாமல் படத்துக்குள் போக விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்த பிறகு வாருங்கள். ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றுகிறவர்களுக்கு இந்தப் படம் வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் யாருக்குமே வேண்டாம். அமெரிக்காவில் எந்த வயதினர் பார்க்கலாம் என்ற தணிக்கைச் சான்று எதுவும் வாங்காமல், ஒரு காட்சியையும் குறைக்காமல் வெளியிட்ட படம் இது.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இயக்குநர் டேமியன் லியோனி இந்தப் படத்துக்காக இண்டிகோகோ என்ற பொதுமக்களிடம் நிதி திரட்டும் இணையத்தளத்தில் ரசிகர்களிடம் கேட்டது 50,000 டாலர். வந்து சேர்ந்தது அதைப் போல ஐந்து மடங்கு. படத்தின் மொத்தச் செலவாகச் சொல்லப்படுவதே சுமார் 2,50,000 டாலர்தான். 2022 அக்டோபரில் படம் வெளியானபோது இருந்த மதிப்பில் ஏறத்தாழ 2 கோடி ரூபாய். அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் குறைவான திரையரங்குகளில், சில நாட்கள் மட்டும் ஓட்டுவதாகத்தான் தொடங்கினார்கள். திகில் படங்களுக்கு முதல் வாரம் கூட்டம் வரும், இரண்டாம் வாரம் பாதியாகக் குறையும். இந்தப் படத்துக்கு இரண்டாம் வாரம் வசூல் ஏறியது, மூன்றாம் வாரம் இன்னும் ஏறியது. உலக அளவில் 1.5 கோடி டாலரைத் தாண்டியது. பார்த்தவர்கள் வெளியே வந்து பேசியதுதான் அடுத்த வாரக் கூட்டத்தைக் கொண்டுவந்தது.

அந்தப் பேச்சில் பெரிய பங்கு, அரங்கில் சிலர் மயங்கி விழுந்தார்கள், சிலர் வாந்தி எடுத்தார்கள் என்ற செய்திக்கு. இது விளம்பரத் தந்திரம் அல்ல என்று தயாரிப்புத் தரப்பிலிருந்தே மறுத்தார்கள். எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் இல்லை. ஒருவர் மயங்கினார் என்பதை வைத்து ஒரு படம் நல்லதா கெட்டதா என்று எப்படிச் சொல்ல முடியும்?

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 2016-இல் வந்த முதல் ‘டெரிஃபயர்’ படத்தைப் பார்த்தவர்கள் கடுமையாகத் திட்டினார்கள். கதையே இல்லை என்றார்கள். சாகிறவர்கள் யார் என்று தெரிவதற்குள் செத்துப்போகிறார்கள் என்றார்கள். பெண்களை வதைப்பதற்காகவே எடுத்த படம் என்றார்கள். ஆர்ட் என்ற அந்தக் கோமாளி ஓரிடத்தில் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுவதை, ஸ்லாஷர் படங்களையே, அதாவது கொலைகாரன் ஒவ்வொருவராகத் துரத்திக் கொல்லும் படங்களையே பார்த்து வளர்ந்தவர்கள் துரோகமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஸ்லாஷர் கொலைகாரன் கத்தியோடு நெருங்கி வர வேண்டும் என்பது அந்த வகைப் படங்களின் எழுதாத சட்டம். லியோனி இந்தக் குறைகளைக் கேட்டுக்கொண்டார். கதையும் பாத்திரங்களும் போதவில்லை என்பதை ஒப்புக்கொண்டு அடுத்த படத்தை எழுதினார். ஆகவே இரண்டாம் படத்தைப் பற்றிப் பார்வையாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கும்போது, அந்தப் படமே முந்தைய பார்வையாளர்களுக்குச் சொன்ன பதில் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதில் எங்கே சரியாக வந்திருக்கிறது, எங்கே வரவில்லை என்பதைத்தான் பேச விரும்புகிறேன்.

சரியாக வந்த இடம் சியன்னா. லாரன் லவேரா நடித்திருக்கும் இந்தப் பெண்ணுக்கு ஓர் அம்மா இருக்கிறார், ஜோனதன் என்ற தம்பி இருக்கிறான், இறந்துபோன அப்பா இருக்கிறார். ஓவியரான அந்த அப்பா வரைந்து வைத்துவிட்டுப் போன சிறகுள்ள வீராங்கனையின் உடையை, ஹாலோவீன் என்ற மாறுவேடப் பண்டிகை இரவுக்காகத் தன் கையாலேயே தைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த உடைதான் அவள் துக்கம். அதைச் சொல்ல ஒரு வசனமும் தேவைப்படவில்லை. லவேரா தற்காப்புக் கலை கற்றவர். கடைசி மோதலில் அவர் வாளைப் பிடித்து நிற்கும் நிற்பிலேயே அது தெரிகிறது. முதல் படத்தில் இப்படி ஒருத்திகூட இல்லை. அதனால்தான் அதில் யார் பிழைப்பார்கள் என்ற பதைப்பே நமக்கு வரவில்லை.

அடுத்தது அமானுஷ்யம். பார்த்தவர்களிடையே மிகப் பெரிய சண்டை இதில்தான். முதல் படம் முடியும் வரை ஆர்ட் ஒரு மனிதன்தான் என்று நினைத்துக்கொண்டிருப்போம். போலீஸ் சூழ்ந்ததும் தன்னையே சுட்டுக்கொள்கிறான். பிறகு பிணவறையில் எழுந்து உட்காருகிறான். அந்த நொடியில் படம் சாதாரண ஸ்லாஷராக இருந்தது மாறிப் பேய்க்கதையாகிவிடுகிறது. இரண்டாம் படம் அதே பிணவறையில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து ஆர்ட் சலவை நிலையத்துக்குப் போய், ரத்தம் தோய்ந்த தன் உடையை இயந்திரத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அங்கே அவனைப் போலவே வெள்ளை முகம் பூசிய ஒரு சிறுமி தோன்றுகிறாள். இருவரும் கைதட்டி விளையாடுகிறார்கள். அந்த நேரம் அங்கே தூங்கிக்கொண்டிருந்த ஓர் ஆள் கண் விழித்துப் பார்த்தால், கோமாளி வெறுங்காற்றோடு கைதட்டிக்கொண்டிருக்கிறான். ஒரு கிராஃபிக்ஸும் இல்லாமல், இரண்டு கோணங்களில் கேமராவை வைத்தே பேயைக் காட்டிவிட்டார்கள். காசு இல்லாதவன் யோசித்து எடுத்த காட்சி என்று இதைச் சொல்லுவேன்.

“அந்தச் சிறுமி யார், ஏன் சிலர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள், அப்பா எப்படி ஆர்ட்டை முன்கூட்டியே வரைந்தார், எதற்கும் பதில் இல்லையே” என்று கோபப்படுகிறவர்கள் நிறையப் பேர். சிறுமி விஷயத்தில் எனக்கு இந்தக் கோபம் இல்லை. ஜோனதன் பள்ளிக்கூடத்து வராந்தாவில் அவளையும் ஆர்ட்டையும் ஒரு செத்த விலங்கோடு பார்க்கிறான். அவன் சொல்வதை யாரும் நம்பவில்லை, பழி அவன் தலையில் விழுகிறது. அந்தப் பையன் மாட்டிக்கொண்டு தவிப்பது நமக்கு உறைக்க வேண்டுமானால், நமக்கும் அவனுக்குத் தெரிந்த அளவே தெரிந்திருக்க வேண்டும். சிறுமிக்கு ஒரு வரலாற்றைச் சொல்லி முடித்திருந்தால் அவள் பாதி மறைந்துபோயிருப்பாள்.

ஆனால் வாள் விஷயத்தில் கோபப்படுகிறவர்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன். சியன்னா குத்துப்பட்டு, நீருக்குள் மூழ்கி, செத்துவிட்டாள் என்றே நினைக்கிறோம். அப்பா விட்டுச்சென்ற வாள் அவளை உயிர்ப்பிக்கிறது. அவள் கனவிலிருந்து விழித்தபோது அறையில் பற்றியிருந்த நெருப்பில் சிறகுகள் எரிந்தன, வாள் மட்டும் எரியவில்லை என்ற ஒரு சின்னக் குறிப்பைத் தவிர இதற்குப் படம் நம்மைத் தயார்ப்படுத்தவே இல்லை. பயத்தைக் கூட்டுகிற மர்மத்துக்கு விளக்கம் தேவையில்லை. உயிரைக் காப்பாற்றுகிற மந்திரத்துக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு விதி சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் அவள் பட்ட பாட்டுக்கு மதிப்பு குறைந்துவிடுகிறது. அவள் ஆர்ட்டின் தலையை வெட்டும் காட்சியில் நான் அடைந்திருக்க வேண்டிய மகிழ்ச்சியில் பாதி இதனால் போனது.

நீளம். 138 நிமிடம். பலரும் சொல்லும் குறை இது, குறை உண்மைதான். ஆனால் எதை வெட்ட வேண்டும் என்பதில் எனக்கு அவர்களோடு உடன்பாடு இல்லை. அம்மாவும் மகளும் சண்டை போடும் காட்சிகளை எடுத்துவிடலாம் என்கிறார்கள். அவற்றை எடுத்தால் சியன்னாவே இல்லை. நான் வெட்டச் சொல்வது கைவிடப்பட்ட கேளிக்கைப் பூங்காவில் நடக்கும் கடைசி மோதலை. அங்கே அடி, விழுதல், எழுதல், மறுபடி அடி என்று ஒரே சுற்று திரும்பத் திரும்ப வருகிறது.

அதைவிட முக்கியமாக, படுக்கையறைக் காட்சி. சியன்னாவின் தோழி ஆலி சாகும் காட்சி. இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் முதலில் பேசுவது இதைத்தான். ஒப்பனை வேலை என்று பார்த்தால் அசாத்தியம். எழுதியவரும் இயக்கியவரும் படத்தொகுப்புச் செய்தவருமான லியோனி, ரப்பரும் செயற்கை ரத்தமும் கொண்ட ஒப்பனைக் கலையிலும் தேர்ந்தவர். அவர் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் ஆர்ட் அறையை விட்டுப் போய், வெளுப்பானும் உப்பும் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறான் பாருங்கள், அந்த இடத்துக்குப் பிறகு ஆலி ஒரு மனுஷியாகத் திரையில் இல்லை. கைத்திறனைக் காட்டுவதற்கான உடலாகிவிடுகிறாள். “ஆண்களும்தானே கொடூரமாகச் சாகிறார்கள்” என்று படத்தைக் காப்பவர்கள் சொல்கிறார்கள். சாகிறார்கள், உண்மை. ஆனால் கேமரா அவர்கள் மேல் இவ்வளவு நேரம் நிற்பதில்லை. முதல் படத்தின்மீது பெண்கள் வைத்த குற்றச்சாட்டு இந்த ஒரு காட்சியில் அப்படியே மீண்டும் நிற்கிறது. சியன்னாவைப் படைத்தவர் இதையும் யோசித்திருக்க வேண்டும்.

ஆர்ட்டாக நடித்திருக்கும் டேவிட் ஹோவர்ட் தார்ன்டனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆர்ட் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சிரித்தாலும் சத்தம் இல்லை, அடிபட்டாலும் சத்தம் இல்லை. தொடக்கத்தில் குறும்படங்களில் வேறொருவர் செய்த வேடம் இது. 2016 படத்திலிருந்துதான் தார்ன்டன் செய்கிறார். ஹாலோவீன் கடையில் சியன்னாவின் கண் முன்னால் நின்று, சூரியகாந்தி வடிவக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து இளிப்பான். அங்கே ஒரு துளி ரத்தம் இல்லை. படத்தில் என்னை மிகவும் பயமுறுத்தியது அந்தக் காட்சிதான். பேசாப்படக் காலத்து நகைச்சுவை நடிகர்களின் உடல்மொழியை எடுத்துக் கொலைகாரனுக்குக் கொடுத்திருக்கிறார். ரத்தத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறவர்கள் இந்த நடிப்பைத் தவறவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மூன்றாம் படம் 2024 அக்டோபரில் வந்தது. செலவு சுமார் 20 லட்சம் டாலர். இந்தத் தடவை கையில் காசு இருந்தது, விளக்கங்களும் கூடிவிட்டன. யார் உடலில் எந்தத் தீய சக்தி, எதற்காக என்றெல்லாம் பேசுகிறார்கள். ‘பதில் இல்லையே’ என்று கோபப்பட்டவர்களுக்கு அதில் பதில் இருக்கிறது. எனக்குச் சலவை நிலையத்துச் சிறுமியே போதும்.

இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு யோசனை. முதல் படத்தை முழுவதும் பார்க்க மனம் இல்லாவிட்டால், போலீஸ் வரும் இடத்திலிருந்து பிணவறை வரை மட்டும் பாருங்கள். அங்கிருந்து நேராக இரண்டாம் படத்துக்குப் போகலாம், கதை அறுபடாமல் தொடரும். இரண்டாம் படத்தின் இறுதிப் பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிட வேண்டாம். இடையில் ஒரு காட்சி வருகிறது, மூன்றாம் படம் அதிலிருந்துதான் பிறக்கிறது. அதைப் பற்றித் தனியாக இன்னொரு வீடியோ போடுகிறேன். வணக்கம்.